அப்பாவின் மாத்திரை டப்பா

அன்று நான் அந்த டப்பாவைத் திறக்காமல் இருந்திருந்தால், அப்பா இன்று நம்மோடு இருந்திருப்பார்களா? ஓராண்டாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்பா பிறந்தது முக்கூடல். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்து, தங்கைகள் இருவரையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை சேரன்மகாதேவிப் பக்கம் குடிநீர் மோட்டார் ஓட்டி, ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு ஏற்றினார்கள். எதையும் வீணாக்க மாட்டார்கள். ஐந்து நாளைக்கு எழுதிய மாத்திரையைக் காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிட்டு, "மிச்சத்த டப்பால போடு. நாளைக்கு ஆருக்காவது ஆவும்லா" என்பார்கள். தெருவில் பலருக்கு அந்த பிஸ்கட் டப்பாதான் முதல் வைத்தியம்.

சென்ற ஆண்டு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தபோது, இடுப்பில் என் பிள்ளையோடு நின்று, மருத்துவமனைக்குப் போவோம் என்றேன். "பிள்ளையத் தூக்கிட்டு எங்கன அலைவ? டப்பாவ எடு" என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் நடுக்கத்தோடு திரும்பியது. திருநெல்வேலியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம்.

கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. பரிசோதனை அறிக்கையை மருத்துவர் காட்டினார். வரிசையாக மருந்துகளின் பெயர்கள்; ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே, இது கேட்காது என்ற குறி. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் இத்தனையையும் தாண்டக் கற்றிருக்கிறதே என்று பிரமித்து நின்றேன்.

அதைவிடப் பிரமிப்பு அப்பாதான். தொடும் முன்னும் பின்னும் கை கழுவிய செவிலியரிடம், ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "நான் ஏத்துன தண்ணியெல்லாம் நீ ஒருத்தியே கழுவித் தீத்துருவ போலுக்கே, தாயி" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் கழுவினார். அப்பா பதினோரு நாள் போராடினார்கள். கடைசியில் சிறுநீரகமும் இதயமும் தாங்கவில்லை.

டப்பாவைப் பற்றி மருத்துவரிடம் சொல்லி அழுதேன். "அரைகுறையாச் சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகத்தாம்மா செய்யும். ஆனா இது அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். சமாதானமா, குற்றச்சாட்டா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இரவு பகல் பார்த்த செவிலியர்களுக்கும், மருந்துக்காக அலைந்த சித்தப்பாவுக்கும், என் பிள்ளையைத் தம் பிள்ளையாக வைத்துக்கொண்ட அத்தைமாருக்கும் கைகூப்புகிறேன்.

போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளே விட்டது. ஆனாலும் மருத்துவர் எழுதிய ஐந்து நாள் மருந்தையும் கொடுத்து முடித்தேன். டப்பா மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. குப்பையில் போட்டால் மாடு மேயும். ஆற்றில் போடலாமென்றால், அது அப்பா ஊருக்கு ஏற்றிய தண்ணீர். இதை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.