பீன்யாவில் ஏற்றிய ஐந்தரை கிலோ

இந்த ஊரில் உடைந்த முட்டைக்குத் தனி வரிசை உண்டு. நம் ஊர்ப்பக்கம் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. மாயவரம் பக்கம் எங்கள் கடைத்தெருவில் ஒரு முட்டை கீறிவிட்டால் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போய்விடுவார். பெங்களூர் பீன்யாவில், லாரியிலிருந்து இறக்கும்போது விரிசல் விட்டதையெல்லாம் மொத்தக் கடைக்காரர் பொறுக்கி, வாசலில் தனி அட்டையில் அடுக்கிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். காலை ஆறரைக்கே அங்கே கூட்டம் கூடிவிடும். ஆம்லெட் தள்ளுவண்டிக்காரர்கள், கேக் போடும் பேக்கரிக்காரர்கள், அவர்களுக்கு நடுவே கொடிக்கம்பம் மாதிரி நான். "தம்பி, உனக்கு எங்கேப்பா கடை?" என்று ஒரு ஆம்லெட்காரர் கேட்டார். என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "யாவாரம் டல்லா இருக்கே" என்றார்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. டிப்ளமா படித்துவிட்டு, குழாய்க்கு வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தேன். ஜனவரி முதல் வாரம் நிரந்தரம் செய்வார்கள் என்றார்கள். அதற்கு முன்னால் கம்பெனி டாக்டர் பார்ப்பார். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவனுக்குக் கனமான வேலை தரமுடியாது, ஆகவே வேலையே தரமுடியாது என்பது சட்டம். அக்டோபரில் நான் நாற்பத்து நாலரை, அதுவும் தொழிற்சாலை பூட்ஸோடு. மூன்று மாதத்தில் ஐந்தரை கிலோ ஏறினால் நான் பெங்களூர்க்காரன். ஏறாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாயவரம் ரயில் ஏறவேண்டியதுதான்.

தகர ஷெட்டில் ஒரு ஜிம் இருந்தது. அதை நடத்திய மாஸ்டர் நீலசந்திராவிலிருந்து வருகிற தமிழர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"காலைல ஆறு முட்டை, ஒரு லிட்டர் பாலு. மத்தியானம் அரைக்கிலோ சிக்கன். நைட்டு மறுபடி பாலு, கைநிறைய பாதாம்."

"மாஸ்டர், இது ஒரு ஆளுக்கா, ஒரு குடும்பத்துக்கா?"

"எலும்புக்கு எக்சர்சைஸ் குடுத்தா சத்தம்தான் வரும் தம்பி. மொதல்ல கொஞ்சம் சதையைக் கொண்டா. அப்புறம் நான் அதைத் தசையாக்கறேன்."

என் சம்பளத்தில் சிக்கனைத் தூரத்திலிருந்து வணங்கலாம். எனவே பட்டியலை நானே திருத்தினேன். முழு முட்டைக்குப் பதில் விரிசல் முட்டை, பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை, சிக்கனுக்குப் பதில் கொள்ளு. குதிரை தின்று ஓடுகிறதே, நான் தின்றால் என்ன என்று கொள்ளை ஊறவைத்துப் பச்சையாகவே அள்ளி மென்றேன். குதிரைக்கு லேத் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் கட்டாயம் இல்லை என்பதை யோசிக்கவில்லை. அன்று மதியத்துக்குமேல் என் பக்கத்து மெஷின்காரர் சூப்பர்வைசரிடம் போய் இடமாற்றம் கேட்டார்.

முட்டையிலும் ஒரு சிக்கல். பீன்யாவில் நான் குடியிருந்த மாடி அறைக்குச் சொந்தக்காரர் கௌரம்மா, சுத்த சைவம். அட்வான்ஸ் வாங்கும்போதே "மொட்டே கூட ஆகாது" என்று சொல்லிவிட்டார். மொட்டே என்றால் முட்டை. நான் பலமாகத் தலையாட்டினேன். பிறகு தினமும் டிபன் பாக்ஸில் விரிசல் முட்டைகளைக் கடத்திவந்து, ஜன்னலைச் சாத்தி, மண்ணெண்ணெய் அடுப்பில் கிளறுவேன். வாசனை கீழே இறங்காமலிருக்க மூன்று ஊதுவத்தி ஏற்றுவேன். கௌரம்மா படியேறிப்போகும் என்னைக் காட்டி எதிர்வீட்டு அம்மாளிடம், "தமிளு ஹுடுகா, தினமும் காலைல பூஜை பண்றான்" என்று பெருமைப்படுவது காதில் விழும். நான் பக்தியோடு படியேறுவேன்.

ஒரு கார்த்திகைச் சோமவாரம் டிபன் பாக்ஸ் மூடி சரியாகப் பொருந்தவில்லை. வாசலில் கௌரம்மா அப்போதுதான் பெரிய ரங்கோலி போட்டு முடித்திருந்தார். அதைத் தாண்டும்போது என் பையிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் இறங்கி, தாமரை இதழின் நடுவே சொட்டியது.

"ஏனப்பா இது?"

"பெயிண்ட், அம்மா."

அவர் குனிந்து, ஒரு குச்சியால் அதைத் தொட்டார். குச்சியில் ஓட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அந்த ஊதுவத்தி எல்லாம் சாமிக்கு இல்ல?"

அறையைக் காலி செய்யச் சொல்வார் என்று நின்றேன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஐம்பது கிலோ, டாக்டர், ஜனவரி என்று எல்லாம் கொட்டினேன். சொல்லி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் முட்டைமேல் இல்லை.

"எங்க மனே மாடில இருந்துட்டு, பெலத்துக்கு ஒடஞ்ச மொட்டே வாங்கப் போறியா? நம்ம ஊட்டாவுல பெலம் இல்லவா? எங்க யஜமான்ரைப் பாரு, அறுபத்தாறு வயசு. சும்னே கூத்கோ."

ஊட்டா என்றால் சாப்பாடு, யஜமான்ரு அவர் கணவர்; என்னைச் சும்மா உட்கார் என்கிறார். உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் முதல் அவர் சமையலறைத் தரையில் தட்டு போட்டார். தட்டின் நடுவில் கிரிக்கெட் பந்து அளவில் ராகி முத்தே என்னும் கேழ்வரகுக் களி உருண்டை, சுற்றிலும் கொள்ளுக் குழம்பு. இந்த முறை வெந்த கொள்ளு. காவிரித் தண்ணீரில் விளைந்த சோற்றைக் குழைத்தே வளர்ந்தவன் நான். உருண்டையைப் பிய்த்து மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். கௌரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "பல்லுக்கு ஏன் கெலசா குடுக்கற? குழம்புல புரட்டு, நுங்கு." கெலசா என்றால் வேலை, நுங்கு என்றால் விழுங்கு. விழுங்கினேன். தொண்டைக்குள் லிஃப்ட் இறங்குவது போல இருந்தது.

காசு கொடுக்கப் போனால் திட்டினார். ஆகவே சந்தையில் மலிவாக ராகியும் கொள்ளும் பச்சைப்பயறும் வாங்கி வந்து இறக்குவேன். டிசம்பரில் அவரைக்காய் காலம் வந்ததும் வேறு வேலை கிடைத்தது. இவர்கள் அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலுக்கு நடுவே பிதுக்கித் தோலை எடுத்துவிட்டுத்தான் குழம்பு வைப்பார்கள். ஞாயிறுதோறும் யஜமானரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு குண்டான் நிறையப் பிதுக்குவோம். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அப்போது கன்னடம் வராது. என் கையிலிருந்து கொட்டை எகிறி அவர் கண்ணாடியில் பட்டால் மட்டும் "ஏய்" என்பார். மூன்று மாதப் பயிற்சியில் எனக்கு முதலில் தசை வைத்தது வலது கட்டைவிரலில்தான். மாஸ்டரிடம் மடக்கிக் காட்டினேன். "இதை வெச்சு எதைடா தூக்குவே?" என்றார். ஆனால் எடைக்கல்லைத் தொட அனுமதித்தார்.

இப்போது பெங்களூரிலேயே தொம்மலூரில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் சேலத்திலிருந்து வந்த ஐடி தம்பி ஒருவர். மண்ணெண்ணெய் டின் அளவுக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கிவைத்திருக்கிறார். "அங்கிள், உங்க காலத்துல என்ன பிராண்டு?" என்று கேட்டார். "கௌரம்மா" என்றேன். இரண்டு நாள் கழித்து வந்து, "நெட்ல தேடினேன் அங்கிள், ஸ்டாக் இல்ல போல" என்றார்.

அந்த ஜனவரியில், டாக்டர் பார்க்கும் நாளுக்கு முந்தின மாலை, அரிசிக்கடைத் தராசில் நாற்பத்தொன்பதரை காட்டியது. அரை கிலோ குறைகிறது. காலையில் ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழத்தைத் தின்று, ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனேன். வரிசை நீளம். பதினொரு மணிக்கு என் முறை வந்தபோது கால்களைப் பின்னிக்கொண்டு நின்றிருந்தேன். எடை மெஷினைப் பார்த்து நடந்தவனைக் கம்பவுண்டர் நிறுத்தி, கையில் ஒரு சின்ன பாட்டிலைத் திணித்தார். "மொதல்ல யூரின் டெஸ்ட். அப்புறம்தான் வெயிட்டு."

அந்தக் கழிப்பறையில் நான் செய்ததை எந்த ஜிம்மிலும் கற்றுத்தர முடியாது. பாட்டிலில் கால்வாசி நிரம்பியதும் நிறுத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நஷ்டத்தையும் எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டே மெஷினில் ஏறினேன். முள் ஆடியது, தயங்கியது, ஐம்பதில் நின்றது. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "ஏன் அழுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அந்தப் பொங்கலுக்கு நிரந்தரத் தொழிலாளியாக ஊருக்குப் போனேன். அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்து நிறுத்தினாள். இருபத்துமூன்று வருடம் வீட்டுக்கோழி முட்டையும் விராலும் போட்டு அவளால் ஏற்றமுடியாத உடம்பு அது.

"யாருடா சோறு போடுறா?"

மெஸ்ஸில் சாப்பிடுவதாக நான் எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வந்தன. "ஹவுஸ் ஓனரம்மா. கௌரம்மான்னு பேரு. சைவம்."

"முட்டைகூட இல்லாமயா?"

"முட்டைகூட இல்லாமதாம்மா."

நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அம்மா ஒவ்வொரு லீவுக்கும் செய்வதுபோல என் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்தாள். எப்போதும் விரல்கள் சேர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும். "குச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். இந்த முறை சேரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு அவரைக்கொட்டை அகலத்துக்கு இடைவெளி. சந்தோஷப்படுவதா, சண்டைக்குப் போவதா என்று தெரியாமல் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை உருவ எனக்கும் மனம் வரவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் அவளுடையது. படாமல் விட்ட அந்தத் துண்டுச் சதை மட்டும் பீன்யாவைச் சேர்ந்தது.