ஒரே மாட்டோட அஞ்சு போட்டோ

எனக்கு எழுபத்தி நாலு வயசு. அஞ்சு பிள்ளைங்களை வளத்து ஆளாக்கினேன், எந்தக் குழுவுலயும் சேராம.

ஆலங்காயம் பக்கத்துல எங்க ஊருக்கு, பொம்பளைங்க குழுவுக்கு லோன் குடுக்கிற சார் ஒருத்தர் வருவாரு. இன் பண்ணின சட்டை, கழுத்துல தொங்குற அட்டை. எதுக்கெடுத்தாலும் போனைத் தூக்கிப் போட்டோ எடுப்பாரு.

மாடு வாங்கக் குடுத்த லோனுக்கு, மாட்டோட நிக்கிற போட்டோ கேட்டாரு. வாங்கின அஞ்சு பேருகிட்டயும் மாடு இல்ல. அந்தக் காசு பழைய லோனை அடைக்கவே போயிடுச்சு. போட்டோ இல்லன்னா அடுத்த லோன் கெடையாது. அதை நம்பித்தான் அந்த அஞ்சு பேருல ஒருத்தி, பக்கத்து ஊட்டு செல்வி, வேர்க்கடலை போட நெலத்தை ஓட்டி வெச்சிருந்தா. அவளுக்காக என் மாட்டை அவுத்துக் குடுத்தேன். அஞ்சு பேரும் மாத்தி மாத்தி அதும் பக்கத்துல நின்னாங்க. அவரும் ஒரே மாடுன்னு தெரிஞ்சே எடுத்துக்கிட்டாரு.

"லோன் ஓகே ஆயா! அஞ்சு குடும்பத்துல வறுமை போயிடுச்சு" ன்னாரு.

"இன்னா சார், மாடு ஒன்னுதானே கீது? வறுமை எந்தச் சந்து வழியா போச்சு?"

பொம்பளைங்க சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு.

"உங்க ஊட்ல மாடு கீதா?" ன்னு கேட்டேன்.

"இருந்துச்சு ஆயா. குழு லோன் கட்ட எங்கம்மா வித்துட்டாங்க."

சொல்லிக்கிட்டே என் மாட்டோட தாடையைச் சொறிஞ்சி குடுத்தாரு. பழகின கை. மாடு கண்ணை மூடிக்கிச்சு.

அப்படிப்பட்ட ஆளு இந்த வேலையை எப்படிப் பாக்கிறாருன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைச் சத்தமா படிச்சுக் காட்டு. அவரை நல்லா ஏசியிருக்கேனான்னு பாக்கணும்.