பெட்ரோல் ஏறாத வண்டி

இரவெல்லாம் லாட்ஜ் வாசலில் வாட்ச்மேனாக நின்றுவிட்டு வந்தவன், முகம்கூடக் கழுவாமல் என் பழைய அம்பாசிடரில் ஏறி உட்கார்ந்தேன். ஊரடங்குக்கு முன்பு வரை அதில்தான் வெளிநாட்டுக்காரர்களைச் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தேன். சவாரி நின்றதும், வண்டியும் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றுபோனது.

ஆசிரமத்துப் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர், "பழைய வண்டினா ஃபாரின்காரங்க ஆசையா ஏறுவாங்க. ஓட்டிக் காட்டுங்க, வண்டியையும் உங்களையும் மாசத்துக்கு வெச்சிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். மறுநாள் அவருக்கு ஆட்கள் வருகிறார்கள். அன்றைக்குள் நான் போகாவிட்டால் வேறு காரை அமர்த்திவிடுவார். அன்று பௌர்ணமி வேறு. மதியத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள்.

முந்தின நாள் மெக்கானிக் வந்து, டேங்கில் கெட்டுப்போய் நாறிய பெட்ரோலை இறக்கி, துருவைக் கழுவி, பம்புக்குள் விரிந்து கிழிந்திருந்த ரப்பரை மாற்றி, கார்புரேட்டரையும் கழற்றி ஊதி மாட்டிவிட்டுப் போயிருந்தார். நின்ற இடத்தில் வண்டி நன்றாகத்தான் உறுமியது.

மனைவியும் ஏறிக்கொண்டாள். "அந்தாளு முன்னாடி நீங்க வாயே தொறக்க மாட்டீங்க. நான் வந்தாதான் ஆவும்."

கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமி நின்றது. சற்று நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. மறுபடி நின்றது. மூன்றாம் தடவை ஓர் இளநீர்க் கடை எதிரில். காலையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டவர்களில் ஒருவன், "இன்னாண்ணா, கார்ல கிரிவலமா? எறங்கி நடந்தா சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றான்.

"நீ சுத்திட்டு வா, அதுக்குள்ள நாங்க மெட்ராஸே போய்டுவோம்" என்றாள் இவள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, இவளைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரு சொட்டு வரவில்லை. குழாயில் வாயை வைத்து உறிஞ்சினேன். நாக்கெல்லாம் எரிந்ததுதான் மிச்சம். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடாக இருந்தது. விடு, வாட்ச்மேன் வேலையே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் தெம்பில்லை.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

பெட்ரோல் வெளியே போகப் போக, டேங்குக்குள் காற்று வரவேண்டும். வராவிட்டால் பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது. அந்தக் காற்றுக்காக மூடி நடுவில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். மூடியின் வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து கல்லாகியிருந்தன.

"இதுல யாரு பொட்டு வெச்சது?"

"நாந்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வெப்பேன். ஓடாத வண்டினா பூஜை வேணாமா?"

"இது வழியாதான் காத்து போவணும்."

"எனக்கின்னா தெரியும்? மூஞ்சி மாதிரி வட்டமா இருந்துச்சி, வெச்சேன்."

வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அவளே குத்தினாள். தூளை ஊதிவிட்டு, மூடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "மலை தெரியுது, போங்க."

அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. செங்கம் ரோடு திரும்பும் இடத்தில் போலீஸ்காரர்கள் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "சீக்கிரம் போய்யா" என்று ஒருவர் கையை ஆட்டினார்.

விடுதிக்காரர் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கி, "நாளைலருந்து வந்துடுங்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சந்தோஷப்படக்கூட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அன்று இரவும் எனக்கு டியூட்டி இருந்தது. வரமாட்டேன் என்று லாட்ஜ் மேனேஜரிடம் சொல்ல வேண்டும். போனை எடுத்து வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். இவள் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், இன்னிலருந்து அவரு வரமாட்டாரு. ஆமா, அவரு பொஞ்சாதிதான் பேசுறேன். இல்ல சார், பக்கத்துலதான் கீறாரு. அவருக்குப் பதிலா நான் சொல்றேனே, போதாதா?"

மறுமுனையில் குரல் உயர்ந்தது. அவர் என்ன திட்டினார் என்று கேட்பதற்குள் நான் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துவிட்டேன்.