மூன்று வரிப் பட்டமும் மூன்று நாள் காத்திருப்பும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்மார், அப்பாவோடு வேலை செய்த பனியன் கம்பெனித் தோழர்கள் எல்லோருக்கும் மகனாக என் வணக்கம். மனம் ஆறிய பிறகு எழுதுவதுதான் இதுபோன்ற மலர்களில் முறை. எனக்கு ஆறவில்லை. ஆறாமலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா குன்னத்தூருக்கு மேற்கே மழையை நம்பிய காட்டில் ஐந்து பேருக்கு நடுவில் பிறந்தவர். அந்த ஐந்து பேரில் ஒருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை. கிணறு வற்றியதும் திருப்பூருக்கு வந்து, துணியின் ஓரத்தை மடித்துத் தையல்காரருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் நிட்டிங் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு, அங்கேயே ஃபிட்டராகவும் ஆனார். துணியில் மெல்லிய கோடு ஒன்று ஓடினால் போதும், மெஷினை நிறுத்தி, வட்டமாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிகளில் எது உடைந்தது என்று தொட்டுச் சொல்லிவிடுவார்.

அப்பாவை ஷெட்டுக்கு இன்சார்ஜ் ஆக்கிய நாளைப் பற்றி அவருடைய தோழர்கள் இன்னும் பேசுகிறார்கள். அதுவரை இருந்த இன்சார்ஜ் டூல்ஸ் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவிநாசிக்குப் போய்விடுவாராம். அவர் திரும்பி வரும்வரை மெஷின் நிற்கும். அப்பா பொறுப்பேற்ற அன்றே பூட்டைக் கழற்றி, இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு ஊசி மாற்றப் பழக்கினார்.

“எல்லாத்தையும் அவங்களே பண்ணீட்டா, அப்பறம் உன்னை எதுக்குப்பா நான் வெச்சிருக்கறது?” என்று முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

“நான் இல்லீன்னாலும் மெஷினு ஓடுதான்னு பாத்துக்கறதுக்குத்தானுங்க” என்றாராம் அப்பா.

ஒரு இடத்துக்குத் தலைவராக இருப்பதற்கான தகுதி என்று நான் அறிந்தது இவ்வளவுதான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பி.காம். சான்றிதழை அப்பா லேமினேஷன் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எனக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பிரிவில் வேலை கிடைத்தது. உறவினர்கள் பலருக்கும் அது என்ன வேலை என்று தெரியாது. நம் பனியனை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டரை அனுப்புவார்கள். அவர் வருவதற்கு முன்பு முதலுதவிப் பெட்டியை நிரப்ப வேண்டும். பக்கத்து யூனிட்டிலிருந்து தீயணைக்கும் சிலிண்டரை வாங்கி வந்து மாட்ட வேண்டும். தொழிலாளர்களை வரிசையாக உட்கார வைத்து, எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று பழக்க வேண்டும். ஆர்டர் போனால் எல்லோருடைய பிழைப்பும் போகும் என்பதால் யாரும் மறுக்கமாட்டார்கள். “ஆமாங்க, இல்லீங்க, இதோட நிறுத்திக்கோணும். கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லப்படாது” என்பதுதான் நான் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

“ஏங்கண்ணு, இத்தனை வருசம் படிச்சது எங்களையப் பொய் சொல்லப் பழக்கறதுக்கா?” என்று அப்பா கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சென்ற ஆண்டு வண்டியில் போகும்போது நாய் குறுக்கே வந்து அப்பா விழுந்தார். காயம் பெரிதில்லை என்று வேலைக்கும் போனார். இரண்டு வாரம் கழித்துத் தலைவலி வந்தது. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு நாள் காலையில் பேச்சு வரவில்லை. கண் மட்டும் எங்களைப் பார்த்தது.

அம்மாவின் தம்பியான என் மாமாவும் நாங்களும் அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கேயே போக வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததற்குக் காரணம் அதன் டீன். அவர் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். வாசலில் இருந்த பலகையில் அவருடைய பட்டங்கள் மூன்று வரிக்கு இருந்தன. எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சிஎச்., பிறகு வெளிநாட்டுப் பயிற்சிகள், தங்கப் பதக்கம். அம்மாவுக்கு நான்தான் வரி வரியாகப் படித்துக் காட்டினேன்.

“இத்தனை படிச்சவரு இருக்கறப்ப நமக்கென்ன பயம், சாமி” என்றார் அம்மா.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அப்பாவின் படம் இருக்கிற புத்தகத்தில் அந்தப் பெயர் வேண்டாம்.

ஸ்கேன் பார்த்தவர் அந்தப் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர். அவரே வெளியே வந்து விளக்கினார். “மூளைக்கு மேல ரத்தம் தேங்கியிருக்குங்க. மண்டை ஓட்டுல சின்னதா ஓட்டை போட்டு வடிச்சு விடணும். நானே நிறையப் பேருக்குப் பண்ணியிருக்கேன். எந்திரிச்சு உக்காந்துருவாரு.”

“அப்ப இன்னைக்கே பண்ணீருங்க” என்றார் மாமா.

“இந்த யூனிட்டுக்கு டீன்தாங்க சீஃப். அவர் கையெழுத்து இல்லாம யாரையும் ஆபரேஷன் தியேட்டருக்கு எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர்.”

“எப்பங்க வருவாரு?”

“வருவாரு” என்றார் அவர்.

டீன் ஆன பிறகும் அந்த நிபுணர் தன் பிரிவின் தலைமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பலகையில் சீஃப் அவர், காகிதத்தில் சீஃப் அவர், வார்டுக்குள் மட்டும் அவர் இல்லை. முதல் நாளும் இரண்டாம் நாளும் அந்தப் பெண் மருத்துவர் அப்பாவின் ஃபைலோடு டீன் அறைக்குப் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். கல்லூரியில் மேற்படிப்புக்குக் கூடுதல் இடம் கேட்டிருந்தார்களாம். அதற்காக வெளியூர்ப் பேராசிரியர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள், டீன் அந்த வேலையில் இருக்கிறார் என்று பதில். தியேட்டரைக்கூடப் பெயின்ட் அடிப்பதற்காகப் பூட்டி வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் வார்டுக்குள் போனதுமே எனக்குப் புரிந்துவிட்டது. புது விரிப்புகள். வேறு வார்டின் பெயர் எழுதிய மூச்சுக் கருவி அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இணைப்பே இல்லாமல் நின்றது. சுவரில் ஆணி அடித்த பொடி இன்னும் உதிராமல் தீயணைக்கும் சிலிண்டர். என் தொழில் எனக்குத் தெரியாதா.

“கூட இருக்கறவங்கள்ல படிச்சவங்க யாரு?” என்று செவிலியர் கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அப்போதுதான் டீன் வந்தார். அவரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

“என்ன படிச்சிருக்க?”

“பி.காம்.ங்க சார்.”

“குட். கேக்கறதுக்கு மட்டும் நல்லாப் பதில் சொல்லு. உங்கப்பாவ நான் பாத்துக்கறேன்.”

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். ஓரடி தள்ளிக் கிடந்த அப்பாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆய்வுக்கு வந்த பேராசிரியர் தன்மையான மனிதர். என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார். “யூனிட் சீஃப் தினமும் வந்து பாக்கறாரா?”

“ஆமாங்க சார்.”

“சிகிச்சையில ஏதாவது குறை இருக்கா?”

“இல்லீங்க சார்.”

ஒரு படிவம் கொடுத்தார்கள். அதையே என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் நன்றாகச் சொன்னால் அப்பாவுக்கு அன்றைக்கே அறுவை நடக்கும் என்று நம்பினேன். குறை சொன்னால் ஆர்டர் போய்விடும் என்ற பழக்கம் என் நாக்கில் இருந்தது. அந்த மனிதரிடம் “இல்லீங்க, மூணு நாளா அவரு வந்தே பாக்கலீங்க” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அப்பா இன்று இருந்திருக்கக்கூடும். பேராசிரியருக்குப் பின்னால் நின்ற பெண் மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மதியம் ஆய்வு முடிந்தது. மூச்சுக் கருவியை அதன் வார்டுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். டீன் விருந்தினர்களை வழியனுப்பப் போனார். மாலையில் அப்பாவின் ஒரு கண்மணி பெரிதாக விரிந்துவிட்டது. மூளை அழுந்தத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளமாம். அந்தப் பெண் மருத்துவர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் தியேட்டரைத் திறக்கச் சொல்லி அறுவை செய்தார். நேரம் கடந்துவிட்டிருந்தது. விடிவதற்குள் அப்பா எங்களை விட்டுப் போனார். அனுமதி இல்லாமல் அறுவை செய்ததற்காக அந்த மருத்துவருக்கு மெமோ கொடுத்து, மலைப் பகுதிக்கு மாற்றினார்கள்.

சில மாதம் கழித்து, தலைநகரில் இதைவிடப் பெரிய போதனா மருத்துவமனைக்குத் தலைவராக அந்த நிபுணரின் பெயர் பரிசீலனையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தகுதியானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கை நடுங்காத அறுவை மருத்துவர் என்பதை நானும் மறுக்கவில்லை. அந்தக் கை எங்கள் வார்டுக்கு வரவில்லை, வரக்கூடிய கையையும் கட்டிப்போட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதை எழுதிப் புகார் கொடுத்தேன். “பழி வாங்கறயா, மாப்ள?” என்று மாமா கேட்டார். ஆமாம் என்றேன்.

விசாரணை அதிகாரி என் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“உங்க எழுத்துதானே?”

“ஆமாங்க சார்.”

“அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

“அன்னைக்குச் சொன்னதுதானுங்க பொய்.”

“ஏன் சொன்னீங்க?”

“சொல்லிப் பழக்கமுங்க சார். என்ற வேலையே அதுதான்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “பொய் சொல்றது வேலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நான் எதை வெச்சு நம்பறது, தம்பி?”

டீன் தினமும் வந்து பார்த்ததாக அப்பாவின் ஃபைலில் யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள். பெண் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். மெமோ வாங்கியவர், கோபத்தில் பேசுவார் என்றார்கள். நான் என் வேலையை விட்டேன். விசாரணையும் முடிகிற நிலைக்கு வந்துவிட்டது.

இந்த மலர் வேலை தொடங்கியது அப்போதுதான். பெரிய மனிதர்களிடம் இரங்கல் செய்தி வாங்கி முதல் பக்கத்தில் போடுவது நம் வழக்கம். மாமா சென்ற மாதம் ஓர் உறையோடு வந்தார்.

“மலரு போடறோம்னு கேள்விப்பட்டு டீனே குடுத்தனுப்பியிருக்காரு, மாப்ள. உன்ற மேல கோவம் ஒண்ணும் இல்லையாமா. முதல் பக்கத்துல போட்டுரலாம். சமாதானம் ஆன மாதிரியும் இருக்கும்.”

மூன்று வரிப் பட்டத்தோடு அவருடைய தாள். கீழே அவருடைய கையெழுத்து. அம்மா படிக்கச் சொன்னார். படித்தேன். அப்பாவை நாள்தோறும் சந்தித்ததாக அவர் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். மூன்றாம் நாள் மாலை அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ‘என் மகனைப் படிக்க வைத்துவிட்டேன், அது போதும் டாக்டர்’ என்று சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறதாம்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அவரு எங்க பேசுனாரு, சாமி? தண்ணி வேணுமான்னு கேட்டா கண்ணத்தான மூடித் தொறந்தாரு.”

மாமா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் உறையில் போட்டார். “இதைய அச்சாபீசுக்குக் குடுக்காத. வெசாரிக்கறவருகிட்டக் கொண்டுபோய்க் குடு” என்றார்.

கொடுத்தேன். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிவிட்ட மனிதரின் கடிதத்தையும் அப்பாவின் ஃபைலையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஃபைலில் சேர்க்கைத் தாளின் முதல் வரியே ‘பேச்சு இல்லை’ என்பதுதான். கடைசி நாள் வரை எல்லாப் பக்கத்திலும் அது இருந்தது. டீன் பார்த்துச் சென்றதாகச் சேர்த்திருந்த வரிகளுக்குக் கீழேயும் இருந்தது.

“இதை அவரே அனுப்பினாரா?”

“ஆமாங்க சார்.”

நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

டீனின் பெயரைப் பரிசீலிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணையை மறுபடியும் எடுக்கிறார்கள். பெண் மருத்துவரைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு மகிழ்ச்சி. அப்பாவின் நினைவு நாளில் இப்படிச் சொல்வது அழகில்லை என்று சிலர் நினைக்கலாம். டீன் அந்தத் தலைநகர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று நான் ஒவ்வொரு நாளும் விரும்புகிறேன். அதை மறைத்து அழகாக எழுத எனக்கு வரும், இனி எழுதமாட்டேன்.

அப்பாவைத் தோளில் தாங்கித் தூக்கி வந்த நெருப்பெரிச்சல் ஷெட் தோழர்களுக்கும், சொல்லி அனுப்பாமலே ஓடி வந்து காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்கம் பக்கத்தாருக்கும், மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தபடியே அம்மாவுக்குச் சாப்பாட்டில் பங்கு கொடுத்த சிவகாசிக் குடும்பத்துக்கும், கோபத்திலும் என்னை விட்டுக்கொடுக்காத மாமாவுக்கும் எங்கள் நன்றி. தன் வேலையைப் பற்றி நினைக்காமல் தியேட்டர் கதவைத் திறக்கச் சொன்ன அந்தப் பெண் மருத்துவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் முதல் அழைப்பு இனி அவருக்குத்தான். என்னிடம் பதில் பழகிக்கொண்ட தொழிலாளர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இந்த மலர் அந்த நிபுணரின் கைக்கும் போகும் என்று தெரியும். அவருக்கு ஒரு செய்தி. அடுத்த மாத விசாரணைக்கு என் அம்மா வருகிறார். அப்பாவின் கட்டிலை விட்டு மூன்று நாளும் நகராதவர். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.