டோரிட்டின் நாற்பது சதுர மீட்டர்

டோரிட் ராஸ்முசெனுக்கு இரண்டு பதவிகள். வாரத்தில் ஐந்து நாள் ஓடென்ஸ நகரப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை. மிச்ச நேரமெல்லாம் ஊர் ஓரத்துத் தோட்டச் சங்கத்தின் தலைவி. இரண்டு வேலைக்கும் கையில் அளக்கிற ஒரே மஞ்சள் டேப்தான்.

சங்கத்தில் அறுபத்திரண்டு தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொடிக்கம்பம், ஒரு செடிவேலி, கோடையில் தங்க ஒரு மரவீடு. மரவீடு நாற்பது சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. டோரிட் தலைவியாகும்வரை அந்த விதியை யாரும் தொந்தரவு செய்ததில்லை. அவர் வந்த முதல் வசந்தத்திலேயே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக அளந்தார். மாட்டிக்கொண்டவர் பக்கத்துத் தோட்டத்து எகோன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வீட்டோடு ஒட்டிய சாமான் அறையைச் சேர்த்து நாற்பது புள்ளி எட்டு.

"முக்கால் மீட்டர் சொச்சம் டோரிட். ஒரு நாய் படுக்கிற இடம். இதுக்குப் போயி..."

"நாய்க்கும் விதி உண்டு எகோன்."

எகோன் அறையைப் பிரித்துப் போட்டார். மண்வெட்டியும் வாருகோலும் தார்ப்பாய்க்கு அடியில் போயின. கூடவே இன்னொன்றும் போயிற்று. பதினோரு வருடமாகச் சனிக்கிழமை பத்து மணிக்கு, வேலி இடைவெளி வழியாகத் தன் கோப்பையைத் தானே தூக்கிக்கொண்டு காபிக்கு வருவார் எகோன். இப்போது இரண்டு வருடமாக அந்தக் கோப்பை வரவில்லை. சனிக்கிழமை எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று டோரிட் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

வகுப்பில் அவர் புத்தகத்தைத் திறக்கிற ரகம் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து, "எறும்பு ஓரமா ஒரு சுத்து நடந்தா சுற்றளவு, நீ வெண்ணெய் பூசுற இடம் பரப்பளவு" என்பார். பிள்ளைகள் இரண்டையும் தின்றுவிட்டு, மறுநாள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். மூன்று வாரம் போராடிப் பார்த்துவிட்டு, வகுப்பு மொத்தத்தையும் தன் தோட்டத்துக்கே கூட்டி வந்தார். தன் வீடு விதிக்கு உட்பட்டது என்பதைப் பிள்ளைகள் வாயால் கேட்கிற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

முந்தின நாள் நல்ல மழை. இருபத்திரண்டு ஜோடி பூட்ஸிலும் சேறு.

"ஒருத்தரும் உள்ள வரக் கூடாது! வெளியிலேயே அளங்க!"

அளந்தார்கள். நீளம் எட்டு மீட்டர், அகலம் ஐந்து புள்ளி இரண்டு. வில்லாட்ஸ் என்ற பையன் பெருக்கிச் சொன்னான்: "நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு."

"திரும்ப அள."

மூன்றாவது தடவையும் அதேதான் வந்தது. டோரிட் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடி, தானே அளந்தார். ஏழு புள்ளி எட்டு, ஐந்து. முப்பத்தொன்பது. அப்பாடா என்று நிமிர்ந்தால், ஜன்னலில் அஸ்தா என்ற சிறுமியின் முகம்.

"டோரிட், நீங்க சுவரை விட்டுட்டீங்க. சுவரும் வீடுதானே?"

அப்போதுதான் நினைவு வந்தது. அந்த வசந்தத்தில் அறுபத்தோரு வீடுகளை வெளியே நின்று அளந்தார். தன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். அன்று பேய்மழை. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே அளந்து எழுதிவிட்டார். யாரையும் ஏமாற்றவில்லை, நனையவில்லை, அவ்வளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம், எகோன் செடி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்ப இடிக்கணுமா?" என்றான் வில்லாட்ஸ். அவன் கண்ணில் தீபாவளி இல்லாத குறைதான்.

நீளச் சுவரை இருபது சென்டிமீட்டர் உள்ளே தள்ளலாம் என்றது ஒரு கூட்டம். அஸ்தா கட்டத்தாளில் வீட்டை வரைந்து கத்தரித்தாள். "அவ்வளவு வேலை எதுக்கு? இந்த மூலைல ஒண்ணு புள்ளி ஆறுக்கு ஒண்ணு வெட்டினா சரியா நாப்பது." வில்லாட்ஸ் மூலையை வெட்டுமுன்னும் வெட்டின பிறகும் தாளின் ஓரமாக ஒரு கயிற்றைச் சுற்றிப் பார்த்துக் கத்தினான்: "இடம் குறைஞ்சிருச்சு, ஆனா கயிறு அதே நீளம்! வீட்டுக்கும் அதே இருபத்தாறு புள்ளி நாலுதான்!"

மூன்று வாரம் ஏறாதது ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது. வேறு நாளாக இருந்தால் டோரிட் ஆனந்தக் கூத்தாடியிருப்பார்.

"எந்த மூலை?" என்றார்.

"வேலிப் பக்கத்து மூலை. அங்க சும்மா ரெண்டு நாற்காலிதான் கிடக்கு. ஒண்ணுல யாருமே உக்கார்றதில்ல போல, தூசி."

டோரிட் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தோடு முடித்துக்கொள்ளலாம். எந்தப் பிள்ளை சங்கத்துக்கு வந்து சொல்லப்போகிறது? ஆனால் இருபத்திரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த காலுறையோடு வேலி இடைவெளிக்குப் போனார்.

"எகோன், காதுல விழுந்துச்சா?"

"தூறல்தான் விழுது."

"என் வீடு ஒண்ணு புள்ளி ஆறு கூட. உன்னோடதை வெளிய நின்னு அளந்தேன், என்னோடதை உள்ள நின்னு அளந்தேன். தப்பு என் மேலதான். மன்னிச்சிரு."

வேலிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் இரண்டு தடவை வெட்டியது.

"ரெண்டு நாய் படுக்கலாம்" என்றார் எகோன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, எகோனின் ரம்பத்தாலேயே அந்த மூலை போயிற்று. புதுச் சுவர் எழுந்ததும் எகோன் மஞ்சள் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தார். மறுமுனையைப் பிடித்தபடி டோரிட் பின்னாலேயே போனார். மழை பெய்தது.

"நாப்பது. பிழைச்சுப் போ" என்று சொல்லிவிட்டு எகோன் வேலிக்குள் புகுந்து மறைந்தார்.

வெட்டின மூலையில் டோரிட், இப்போது வெட்டவெளியில் கிடந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடத்தில் வேலி அசைந்தது. எகோன் கையில் கோப்பை.

"மழை பெய்யுதே. இங்க சின்னதா ஒரு கூரை போட்டுக்கட்டுமா?" என்றார் டோரிட்.

"போடு. வந்து அளக்கிறேன்."

காபியில் மழை சொட்டச் சொட்ட, இருவரும் அங்கேயே உட்கார்ந்து குடித்தார்கள்.