படை வாபஸும் தெருக்குழாயும்

டில்லி ஆட்சிக்கு இப்போது சொந்தக் கால் போதவில்லை. சின்னக் கட்சிகள் இரண்டு மூன்று ஆளுக்கொரு பக்கம் தோள்கொடுத்து நிறுத்தியிருக்கின்றன. அதில் ஒரு கட்சி, இன்ன நாட்டிடம் ஆயுதம் வாங்கக் கூடாது, இன்ன நாட்டுப் போர்க்கப்பலை நம் துறைமுகத்தில் விடக் கூடாது என்று நிபந்தனை போட்டதாகப் பேப்பரில் வந்தால், நண்பர்கள் கொள்கைப் பிடிப்பைச் சிலாகிக்கிறார்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எந்தத் தெருவுக்குக் குழாய் கேட்கிறார்கள் என்று யோசிக்கிறேன்.

இந்தக் கெட்ட புத்தி பிறவியில் வந்ததல்ல. ஒரு நகரசபையில் குமாஸ்தாவாக இருந்து சம்பாதித்தது. எந்த நகரசபை என்று சொல்ல மாட்டேன். மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் அங்கிருந்து தெரியும், அது போதும்.

அறுபதுகளின் ஆரம்பம். எங்கள் சேர்மன் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. எண்ணிப் பார்த்தால் மூன்று கை குறைந்தது. அந்த மூன்று கையும் ஒரு சின்னக் கட்சியிடம் இருந்தன. அதன் தலைவர் பொன்மலையில் ரயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வார்டு உறுப்பினரும் அவர்தான்.

அவர் பதவி கேட்கவில்லை. காண்டிராக்ட் கேட்கவில்லை. ஆப்பிரிக்காவில் அமைதி காக்கப் போயிருந்த நம் படையைத் திருப்பி அழைக்கும்படி டில்லிக்கு ஒரு தீர்மானம் போட வேண்டும் என்றார்.

சேர்மனுக்குப் போன உயிர் வந்தது. "இவ்வளவுதானா? நான் குழாய் கேப்பீங்களோன்னு பயந்துட்டேன். படைதானே, வாபஸ் வாங்கிடலாம்" என்றார்.

எனக்குச் சந்தேகம் அப்போதே பிடித்துக்கொண்டது. ஒன்றும் வேண்டாம் என்கிற மனிதரை நான் அதற்கு முன் அந்தக் கட்டடத்தில் பார்த்ததில்லை.

இருந்தும் தீர்மானத்தை எழுதியவன் நான்தான். சாக்கடை, தெருநாய், எரியாத விளக்கு என்றே எழுதிவந்த பேனா, அன்று உலக அமைதி வரைக்கும் போய்வந்தது. சேர்மன் பதவி தப்பியது. படை வாபஸ் தீர்மானத்துக்கு எதிர்த்தரப்பும் கை தூக்கியது. ஆப்பிரிக்கா யார் வார்டிலும் வராததால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

அந்தப் பெருமையை வாய் மூடிக்கொண்டு வைத்திருக்க வேண்டியவன், வீட்டில் போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் புருஷன் அந்தப் படையில்தான் இருந்தார். அவர் போனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ரேடியோவில் ஆப்பிரிக்கா என்ற சொல் வந்தால் கையில் இருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுவாள்.

"நிஜமாவா அண்ணே? உங்க ஆபீஸ் சொன்னா டில்லியில கேப்பாங்களா?"

"ஒருமனதாப் போட்டிருக்கோம்" என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. அன்றே அவருக்குக் கடிதம் எழுதிவிட்டாள்: அண்ணன் ஆபீசில் தீர்மானம் போட்டாயிற்று, சாமான்களைக் கட்டிவையுங்கள்.

எங்கள் நகரசபையில் ஒரு வழக்கம். இன்று நிறைவேறிய தீர்மானம் அடுத்த கூட்டத்தில் ஊர்ஜிதம் ஆக வேண்டும். அதுவரை தபாலில் போகாது. அடுத்த கூட்டத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடமிருந்து பதில் வந்துவிட்டது. மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னாராம். டில்லியிலிருந்து உத்தரவு இன்னும் வரவில்லை, உன் மச்சானைக் கொஞ்சம் துரிதப்படுத்தச் சொல் என்றாராம் அவர். மேலதிகாரி சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று கடிதத்தில் இல்லை.

சேர்மனிடம் போய் நின்றேன்.

"தீர்மானத்தை அனுப்பிடலாமாங்க?"

"என்னய்யா அவசரம், நீயா போய் சண்டை போடுறே? ஊர்ஜிதம் ஆகட்டும்."

அன்று சாயங்காலம் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு காப்பி கிளப்பில் அவரையும் பொன்மலைக்காரரையும் பார்த்தேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் பேச்சுவார்த்தை என்று விட்டிருப்பேன். இருவரும் ஒரே பெஞ்சில், ஒரே பக்கம். பின் மேசையில் உட்கார்ந்து, மூன்று முறை கேசரி வாங்கிச் சாப்பிட்டு உளவு பார்த்தேன். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. இரண்டு நாள் வயிறு மந்தமாக இருந்தது.

காதில் விழாதது கூட்டத்தில் விழுந்தது. பொன்மலைக்காரர் எழுந்து, உலக நிலைமை மாறிவருவதால் தீர்மானத்தை ஊர்ஜிதம் செய்யாமல் ஒத்திவைக்கலாம் என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். அடுத்த விஷயம், அவர் வார்டுக்குக் குடிநீர்க் குழாய். அதற்கும் எல்லாரும் கை தூக்கினார்கள். இரண்டையும் முத்து முத்தான கையெழுத்தில் நான் எழுதினேன்.

மாடிப்படியில் அவரை மடக்கினேன். "உலக நிலைமை எப்பங்க மாறிச்சு?"

அவர் கோபப்படவில்லை. "கிளார்க் சார், படை திரும்பணும்னு இப்பவும் சொல்றேன். நம்ம காகிதத்துக்கு அது நகராது. குழாய் நகரும். காகிதம் டில்லிக்குப் போனா தனக்கு வம்புன்னு சேர்மன் பயப்படுறார். என் மூணு கைக்கு அவ்வளவுதாங்க பலம். உங்க வீட்டு வாசலுக்கு நேராத்தான் வருது."

கொள்கை பேச வாயெடுத்தவன், "வலப்பக்கமா, இடப்பக்கமாங்க?" என்று கேட்டேன்.

தங்கையிடம் மறைக்க முடியவில்லை. அவள் அழவில்லை. குழாய் வந்து, தெருவே குடத்தோடு வரிசையில் நின்றபோது, அவள் மட்டும் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு காவேரிக்கு நடந்தாள்.

"வாசல்லயே வருதேம்மா."

"அது எனக்கு வேணாம் அண்ணே. நீங்க குளிங்க."

நான் குளித்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அவள் ஆற்றிலிருந்து திரும்புகிற நேரத்தில் மட்டும் நான் வாசல் பக்கம் இருக்கமாட்டேன்.

மாப்பிள்ளை ஒரு வருஷத்துக்கும் மேலாகிப் படையோடு படையாகத் திரும்பி வந்தார். கறுத்து இளைத்திருந்தார். ஜட்கா வண்டியிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கியவர், முதல் காரியமாகத் தெருக்குழாயைத் திறந்து கால் கழுவினார். இரண்டு கை ஏந்திக் குடித்தார்.

"அடேயப்பா, நல்ல தண்ணி. நான் போறப்ப இது இல்லையே. யாரு போட்டது?"

நான் கோபுரத்தைப் பார்த்தேன். தங்கை வாசற்படியில் நின்று, அவர் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான்" என்றாள்.