வெள்ளை ஓரம்

பஹ்ரைனில், குதைபியாவில் என் வீடு தரைத்தளத்தில். சமையலறைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. வெயில் எட்டிப் பார்க்காது. அங்கேதான் என் மனைவி ஹோஸ்டா என்றொரு செடி வளர்த்தாள். குளிர்நாட்டுச் செடி. சின்னச் சின்ன இலைகள், ஓரத்தில் சுண்ணாம்பு தொட்டு வரைந்தது போல வெள்ளை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவாள். மே பிறந்தால் சட்டிகள் ஹாலுக்கு வந்துவிடும்.

இங்கே எல்லோரும் குளிர்காலத்தில்தான் செடி வைப்பார்கள். இதுவோ அப்போதுதான் இலை உதிர்த்துத் தூங்கும். அந்தத் தூக்கத்துக்கு பஹ்ரைன் குளிர் போதாது. அதனால் வேர்களைத் தோண்டி, ஈரத்தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜில் வைப்பாள்.

"கத்திரிக்கா வைக்க எடமில்ல, இதுக்கு ஏசி ரூமா?" என்பேன்.

"உங்களுக்கு மட்டும் வருசா வருசம் லீவு வேணும். அதுக்கு வேணாமாக்கும்?"

போன அக்டோபரில் தூக்கத்திலேயே இறந்துபோனாள்.

டிசம்பரில் இலைகள் பழுத்தன. அவள் செய்தபடியே செய்தேன். டூட்டி முடிந்து வந்ததும் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் திறப்பேன். ஈரம் கூடிவிட்டதோ என்னவோ, பிப்ரவரியில் பிரித்தபோது ஒரு வேரைத் தவிர எல்லாம் அழுகியிருந்தன. அந்த ஒன்றை நட்டேன்.

மார்ச்சில் முளைத்தது. வெள்ளை ஓரத்தோடு மெலிந்த குருத்து இரண்டு. பக்கத்தில் முழுப் பச்சையாகத் தடித்த குருத்து ஒன்று. அப்படிப் பச்சையாக வருவதை அவள் அடியோடு வெட்டிவிடுவாள். "பாவம் பாத்தா வெள்ளையத் தின்னுரும்ங்க" என்பாள். அது எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்தேன். அத்தனை நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் முளைத்து வந்தது அது. வெட்டக் கை வரவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரலில் சட்டி நிறையப் பச்சை இலைகள். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் வீடியோ காலில் கேட்டாள்:

"அம்மா செடியக் காட்டுங்கப்பா."

ஃபோனைத் திருப்பினேன்.

"ஒயிட் பார்டர் எங்கப்பா?"

"அடியில இருக்கும்மா."

ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இலைகளை விலக்கித் தேடினேன். மகள் கட் பண்ணாமல் காத்திருந்தாள்.